1 நிமிடம் 51 விநாடி ஓடிய டிப்ளாய் ஸ்கிரிப்ட் 8 விநாடிக்கு வந்தது

எங்கள் டிப்ளாய் ஸ்கிரிப்ட், அதாவது புதிய நிரலை சர்வரில் ஏற்றி இயக்கும் கட்டளைத் தொகுப்பு, நேற்று 8 விநாடிக்குள் முடிந்துவிட்டது. இதே வேலைக்கு முன்பு 1 நிமிடம் 51 விநாடி எடுக்கும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும் அதே சர்வர்தான், கோயம்புத்தூரில் என் வீட்டில் இருக்கும் அதே 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்புதான், ஸ்கிரிப்ட் செய்யும் வேலையும் அதேதான். கடல் கடந்த சர்வரில் டெர்மினல் வழியாக வேலை பார்க்கிறவர்கள் நம் ஊரில் ஏராளமாக இருக்கிறார்கள், பெரும்பாலோர் இந்த மந்தத்தைத் தலைவிதி என்று ஏற்றுக்கொண்டு போகிறார்கள். அதனால் செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன், பலன் தராதவற்றையும் சேர்த்து.

லேப்டாப்பிலும் சர்வரிலும் உபுண்டு 24.04. சர்வர் சின்னது, 2 சிபியு, 2 ஜிபி ரேம். அதை மும்பைக்கு மாற்றும் வாய்ப்பு இல்லை, ஏனென்றால் வாடிக்கையாளர்கள் எல்லோரும் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிறார்கள், டேட்டாபேஸும் அங்கேதான்.

முதலில் அளந்து பார்த்தேன். பிங், அதாவது ஒரு சின்னப் பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், சராசரி 235 மில்லிவிநாடி. கோயம்புத்தூரிலிருந்து அந்த இடம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 13,900 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், ஆகவே போய்த் திரும்ப 139 மில்லிவிநாடிக்குக் குறையவே குறையாது, அதுவும் கேபிள் நேர்க்கோட்டில் போட்டிருந்தால். நிஜத்தில் கேபிள் செங்கடல், ஐரோப்பா என்று சுற்றிக்கொண்டு போகிறது, நடுவில் ரௌட்டர்கள் வேறு. அப்படிப் பார்த்தால் 235 மோசமான எண்ணே இல்லை. இந்தக் கணக்கைப் போட்டதும் ஒன்று தெளிவாகிவிட்டது: போய்த் திரும்பும் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை என்னால் பெரிதாகக் குறைக்க முடியாது, எத்தனை சுற்று என்பதைத்தான் குறைக்க முடியும். கடைக்குப் போகும் தூரம் குறையாது என்றால் உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை என்று போகாமல் பட்டியல் எழுதி ஒரே நடையில் வாங்கி வர வேண்டியதுதான்.

அடுத்த அளவு, சர்வரில் எதுவும் செய்யாமல் உடனே முடிந்துவிடும் 'ட்ரூ' கமாண்டை எஸ்எஸ்எச் (தொலைவில் இருக்கும் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைந்து கமாண்ட் கொடுக்கும் கருவி) வழியாக ஓட்டி, முன்னால் 'டைம்' போட்டுப் பார்த்தது. 3.1 விநாடி. ஒன்றுமே செய்யாத கமாண்டுக்கு 3.1 விநாடி! எங்கள் ஸ்கிரிப்டில் இப்படித் தனித்தனியாக 34 எஸ்எஸ்எச் அழைப்புகள் இருந்தன. பெருக்கிப் பார்த்தால் 105 விநாடி வெறும் கதவு தட்டுவதற்கே போகிறது, உண்மையான வேலைக்கு ஆறே விநாடி.

அந்த 3.1 விநாடி எங்கே போகிறது என்று பார்க்க, எஸ்எஸ்எச்சை மூன்று 'வி' போட்டு விரிவான பதிவோடு ஓட்டி, வரும் வரிகளை மோர்யூடில்ஸ் தொகுப்பில் இருக்கும் 'டிஎஸ்' என்ற சின்னக் கருவிக்குள் விட்டேன், அது ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரம் போட்டுக் கொடுக்கும். இந்த ஒரு வேலைதான் மற்ற எல்லாவற்றுக்கும் வழி காட்டியது. டிசிபி இணைப்புக்கு ஒரு சுற்று, பதிப்பு எண்ணைப் பரிமாற ஒன்று, எந்தெந்தக் குறியாக்க முறை என்று பேசிக்கொள்ள ஒன்று, சாவிப் பரிமாற்றத்துக்கு ஒன்று, அடையாளம் காட்டும் சேவையைக் கேட்க ஒன்று, பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல் உள்ளே வரலாமா என்று ஒப்புக்குக் கேட்பதற்கு ஒன்று, இந்த கீயை (பாஸ்வேர்டுக்குப் பதிலாக நம்மை அடையாளம் காட்டும் சாவி ஃபைல்) ஏற்பாயா என்று கேட்க ஒன்று, கையெழுத்திட்டு அனுப்ப ஒன்று, அப்புறம் சேனல் திறக்க, கமாண்டை அனுப்ப. நேரத்தை வைத்துப் பார்த்தால் இவை மொத்தம் ஒன்பது, பத்து சுற்று.

ஆனால் என் பதிவில் 'இந்த கீயை ஏற்பாயா' என்ற கேள்வி நான்கு முறை இருந்தது. கீகளை நினைவில் வைத்திருந்து எடுத்துக் கொடுக்கும் என் எஸ்எஸ்எச் ஏஜெண்டில் வேறு வேறு வேலைகளுக்கான கீகள் சேர்ந்து கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக நீட்டி, சர்வர் ஒவ்வொன்றாக மறுத்து, நான்காவதுதான் சரியானது. ஒவ்வொரு மறுப்புக்கும் 235 மில்லிவிநாடி. கான்ஃபிக் ஃபைலில் அந்த சர்வருக்கு உரிய பகுதியில் ஐடென்டிட்டிஃபைல் என்று சரியான கீயைக் காட்டி, ஐடென்டிட்டிஸ்ஒன்லி எஸ் என்று போட்டேன். 3.1 விநாடி 2.4 ஆனது. இரண்டு வரி, செலவு இல்லை. ஏஜெண்டில் கீகள் நிறைய சேர்ந்துபோனவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, எத்தனை முயற்சி வரை பொறுக்கும் என்று சொல்லும் மேக்ஸ்ஆத்ட்ரைஸ் சர்வரில் இயல்பாக 6, சரியான கீ ஏழாவதாக வந்தால் உள்ளேயே விடாது.

பழைய கட்டுரைகளில் யூஸ்டிஎன்எஸ்ஸை (நுழைபவரின் ஐபி முகவரிக்கு உரிய பெயரை சர்வர் தேடும் அமைப்பு) நிறுத்து என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஓபன்எஸ்எஸ்எச் 6.8 வந்த 2015இலிருந்தே இயல்பாக நிறுத்தப்பட்டுத்தான் இருக்கிறது, அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். டெர்மினலில் நேரடியாக உள்ளே நுழையும்போது வரவேற்புச் செய்தி வருமே, எத்தனை அப்டேட் பாக்கி, டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று, அதைத் தயாரிக்கும் ஸ்கிரிப்டுகள் சின்ன சர்வரில் அரை விநாடிக்கு மேல் எடுத்தன. அவற்றில் தேவையில்லாதவற்றின் இயக்க அனுமதியை எடுத்துவிட்டேன்.

இப்போது பெரிய மாற்றம். எஸ்எஸ்எச்சில் ஒரு முறை திறந்த இணைப்பையே அடுத்தடுத்த அழைப்புகளுக்கும் பயன்படுத்தும் வசதி பல வருடங்களாகவே இருக்கிறது. கண்ட்ரோல்மாஸ்டர் ஆட்டோ, கண்ட்ரோல்பெர்சிஸ்ட் 30 நிமிடம், கண்ட்ரோல்பாத் என்று மூன்று வரி. கடைசி வரியில், திறந்த இணைப்பை அடுத்த அழைப்புகள் கண்டுபிடிக்க உதவும் சாக்கெட் ஃபைலின் பெயருக்கு சதவீதக் குறியும் பெரிய 'சி' எழுத்தும் போடுவது நல்லது, அது பயனர், சர்வர், போர்ட் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சுருக்கப் பெயராக்கிவிடும். லினக்ஸில் யுனிக்ஸ் சாக்கெட்டின் பாதை 108 எழுத்துக்குள் அடங்க வேண்டும், கிளவுட் சர்வர்களின் நீளமான பெயர்களை முழுதாகப் போட்டால் அந்த எல்லையில் முட்டி நிற்கும்.

முதல் அழைப்பு அதே 2.4 விநாடி. இரண்டாவதிலிருந்து 0.5 விநாடி. சேனல் திறக்க ஒரு சுற்று, கமாண்டுக்கு ஒரு சுற்று, அவ்வளவுதான். ஸ்கிரிப்டை ஓட்டினேன், 25 விநாடி! அதே இணைப்பில் கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வழியாக எடுப்பதும் வேகமானது, ஏனென்றால் கிட் கூட உள்ளுக்குள் எஸ்எஸ்எச்சைத்தான் கூப்பிடுகிறது.

இதோடு வந்த சிக்கல்களையும் சொல்ல வேண்டும், இவை தெரியாமல் இந்த வசதியைப் போட்டுவிட்டுப் பிறகு எடுத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லேப்டாப்பை மூடித் திறந்தாலோ வைஃபையிலிருந்து மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினாலோ பழைய இணைப்பு செத்துப்போயிருக்கும், ஆனால் சாக்கெட் ஃபைல் இருக்கும். அடுத்த எஸ்எஸ்எச் அந்தச் செத்த இணைப்பையே பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். இதற்கு சர்வர்அலைவ்இன்டர்வல் 15, சர்வர்அலைவ்கவுண்ட்மேக்ஸ் 3 என்று போட்டேன். 45 விநாடி பதில் வராவிட்டால் இணைப்பைத் தானே மூடிவிடும். அவசரம் என்றால் எஸ்எஸ்எச்சுக்கு மைனஸ் பெரிய ஓ, எக்ஸிட் என்று கொடுத்து நாமே மூடலாம்.

இன்னொன்று பயங்கரமாகக் குழப்பியது. சர்வரில் டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) பயன்படுத்த அனுமதி உள்ள குழுவில் என் பயனரைச் சேர்த்தேன், வெளியே வந்து மறுபடி நுழைந்தேன், டாக்கர் அனுமதி இல்லை என்றே சொல்கிறது. எத்தனை முறை நுழைந்தாலும் அதேதான். காரணம், நான் நுழைவதாக நினைத்த ஒவ்வொரு முறையும் உண்மையில் பழைய இணைப்புக்குள்தான் போய்க்கொண்டிருந்தேன், குழு உறுப்பினர் பட்டியல் அந்த இணைப்பு தொடங்கியபோது இருந்ததுதான். தாய் இணைப்பை மூடிவிட்டு நுழைந்ததும் சரியானது.

மூன்றாவது, ஒரு இணைப்புக்குள் இயல்பாக 10 செஷன்தான் சர்வர் விடும். பல கமாண்டுகளை ஒன்றாக ஓட்டும் எக்ஸ்ஆர்க்ஸ் வைத்து ஒரே சமயத்தில் 20 கமாண்ட் விட்டால் பாதிக்கு அந்த இணைப்பில் இடம் கிடைக்காது. நான் 8க்கு மேல் விடுவதில்லை.

நான்காவது, எனக்கு மிகவும் தொந்தரவு தந்தது இது. ஒரு பக்கம் 300 எம்பி லாக் ஃபைலை இறக்கிக்கொண்டே இன்னொரு ஜன்னலில் தட்டச்சு செய்தால், எழுத்துகள் இரண்டு விநாடி கழித்து வந்து விழுந்தன. இரண்டும் ஒரே டிசிபி இணைப்பில் போவதால் நான் தட்டியதற்கான பதில் லாக் டேட்டாவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. பெரிய ஃபைல் இறக்கும்போது மட்டும் மைனஸ் பெரிய எஸ், நன் என்று கொடுத்துத் தனி இணைப்பில் விடுகிறேன், ஃபைல்களை அனுப்பி வாங்கும் ஆர்சிங்க் கருவியில் பேண்ட்வித்துக்கு வரம்பும் போட்டுவிடுகிறேன். அதன்பின் இந்தத் தொல்லை இல்லை.

சரி, 25 விநாடிக்கு வந்தாயிற்று. அடுத்து ஸ்கிரிப்டையே திறந்தேன். 34 அழைப்புகளில் பெரும்பாலானவை அடுக்கடுக்காக வரும் சின்னச் சின்ன வேலைகள்: அடைவு இருக்கிறதா பார், பழையதை நகர்த்து, அனுமதி மாற்று, சர்வீஸை மறுபடி தொடங்கு, நிலை என்ன கேள். இவற்றுக்கு நடுவில் லேப்டாப் முடிவெடுக்க வேண்டியது எதுவுமே இல்லை. எல்லாவற்றையும் ஒரே பாஷ் (லினக்ஸில் கமாண்டுகளை ஓட்டும் ஷெல்) துண்டாக எழுதி, 'பாஷ் மைனஸ் எஸ்' என்று சர்வரில் ஓடும் பாஷின் உள்ளீட்டுக்குள் ஒரே முறையில் அனுப்பினேன். தொடக்கத்தில் 'செட் மைனஸ் இயு' போட்டுவிட்டால் நடுவில் ஏதாவது தோற்றாலும் அங்கேயே நின்றுவிடும். மிஞ்சியது மூன்றே அழைப்புகள்: ஃபைல் அனுப்பு, வேலையைச் செய், சரியாக எழுந்ததா பார். புதிய இணைப்போடு 10 விநாடிக்குள், ஏற்கனவே இணைப்பு திறந்திருந்தால் 8 விநாடிக்குள். சர்வர்களை எஸ்எஸ்எச் வழியாக நிர்வகிக்கும் ஆன்சிபிள் கருவியை வைத்திருப்பவர்கள் அதில் பைப்லைனிங்கை இயக்கினால் இதே தத்துவம்தான், ஒவ்வொரு பணிக்கும் ஃபைலை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு ஓட்டுவதற்குப் பதிலாக ஒரே செஷனில் உள்ளீடாகத் தள்ளிவிடும்.

ஃபைல் அனுப்புவதிலும் இதே கணக்குதான். 1,200 சின்ன ஃபைல்கள், மொத்தம் 5 எம்பிதான். எஸ்எஸ்எச்சோடு வரும் ஃபைல் நகலெடுக்கும் கருவியான எஸ்சிபி கொண்டு அடைவோடு அனுப்பினால் 14 நிமிடம். ஓபன்எஸ்எஸ்எச் 9.0இலிருந்து எஸ்சிபி உள்ளே எஸ்எஃப்டிபி நெறிமுறையைத்தான் பயன்படுத்துகிறது, ஒவ்வொரு ஃபைலையும் திற, எழுது, மூடு என்று தனித்தனியாகக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. அதே அடைவை ஆர்சிங்க் 7 விநாடியில் அனுப்பியது. டார் போட்டு ஒரே கட்டாக்கி எஸ்எஸ்எச் குழாய் வழியாக அனுப்பினாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். இன்டர்நெட் வேகம் போதவில்லை என்று பிளானை உயர்த்த நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கட்டும். 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் அந்த 14 நிமிடம் 14 நிமிடமாகத்தான் இருந்திருக்கும்.

பலன் தராதவை மூன்று. எஸ்எஸ்எச்சில் கம்ப்ரெஷன் போட்டுப் பார்த்தேன், பெரிய லாக் ஃபைல்களை இறக்கும்போது உதவியது, தாமதத்தில் ஒரு மில்லிவிநாடி கூடக் குறையவில்லை, குறையவும் முடியாது. டேட்டாவை எந்த வேகத்தில் அனுப்புவது என்று முடிவு செய்யும் பிபிஆர் நெரிசல் கட்டுப்பாட்டை சர்வரில் இயக்கினேன், லினக்ஸ் கர்னல் 4.9இலிருந்தே இருப்பதுதான், பாக்கெட் தொலையும் மாலை வேளைகளில் பெரிய டவுன்லோடு சீராகப் போகிறது, அதனால் விட்டுவைத்திருக்கிறேன், ஆனால் கமாண்டுகளுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. மூன்றாவதுக்குக் காசு செலவானது. மும்பையில் 450 ரூபாய் வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்து, அதன் வழியாகத் தாவிப் போனால் நல்ல பாதை கிடைக்குமா என்று பார்த்தேன். கோயம்புத்தூர் – மும்பை 32, மும்பை – வர்ஜீனியா 190, ஆக 222. மிச்சம் 13 மில்லிவிநாடி, ஆனால் இரண்டு இடத்தில் கைகுலுக்க வேண்டும், பராமரிக்க இன்னொரு மெஷின். அந்த மாதத்தோடு மூடிவிட்டேன்.

இதுவரை சொன்னது எல்லாம் ஸ்கிரிப்டுகளுக்கு. கையால் தட்டச்சு செய்வது வேறு பிரச்சினை. ஒவ்வொரு எழுத்தும் வர்ஜீனியா போய்த் திரும்பி வந்துதான் திரையில் தெரிகிறது, இணைப்பைப் பகிர்வதால் அதில் எந்த மாற்றமும் வராது. இதற்கு, சர்வரில் தட்டச்சு செய்ய எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாகப் பயன்படும் மோஷ் என்ற கருவிதான் மருந்து. எம்ஐடியில் கீத் வின்ஸ்டைனும் ஹரி பாலகிருஷ்ணனும் 2012இல் வெளியிட்டது, பாலகிருஷ்ணன் நம் ஐஐடி மெட்ராஸில் படித்தவர். நீங்கள் தட்டும் எழுத்து திரையில் எப்படி வரும் என்று மோஷ் உங்கள் மெஷினிலேயே ஊகித்து உடனே காட்டிவிடும், சர்வரின் பதில் வந்ததும் சரிபார்க்கும், இன்னும் உறுதியாகாததை அடிக்கோடிட்டுக் காட்டும். அவர்கள் சோதனையில் 70 சதவீத எழுத்துகள் உடனே தெரிந்தன, 3ஜி இணைப்பில் எஸ்எஸ்எச்சில் 503 மில்லிவிநாடி ஆன இடைநிலைத் தாமதம் 5க்கும் கீழே வந்தது. என் அனுபவமும் அப்படித்தான். ஷெல்லில் நீளமான கமாண்டைத் தட்டுவது உள்ளூர் மெஷின் மாதிரியே இருக்கிறது. விம் எடிட்டரில், எழுதாமல் நகர்வதற்கான நார்மல் மோடில் அங்கும் இங்கும் தாவும்போது மட்டும் ஊகிக்க வழியில்லாததால் அந்த 235 தெரியத்தான் செய்கிறது.

நிறுவும்போது இரண்டு தடங்கல். மோஷ், டிசிபிக்குப் பதிலாக யுடிபி என்ற நெறிமுறையில் 60000 முதல் 61000 வரை உள்ள போர்ட்டுகளில் ஒன்றைப் பிடிக்கும், கிளவுட் ஃபயர்வாலில் அது மூடியிருந்தது. ஆயிரத்தையும் திறக்காமல் 60000 முதல் 60010 வரை மட்டும் திறந்தேன், ஒரு ஆளுக்கு அது தாராளம். அடுத்து சர்வரில் யுடிஎஃப்-8 லோக்கேல் (மொழி, எழுத்துக் குறியீட்டு அமைப்பு) இல்லாவிட்டால் மோஷ் தொடங்கவே மறுக்கும், அதை உருவாக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. மோஷில் பின்னால் உருட்டிப் பார்க்க முடியாது, அதனால் உள்ளே, பழைய வரிகளைச் சேமித்து வைக்கும் டிமக்ஸ் என்ற டெர்மினல் கருவி அவசியம். ஏஜெண்ட் ஃபார்வர்டிங்கும் போர்ட் ஃபார்வர்டிங்கும் கிடையாது, அவற்றுக்கு எஸ்எஸ்எச்தான்.

டிமக்ஸ் வந்ததும் விம்மில் எஸ்கேப் அழுத்தினால் அரை விநாடி தயங்கியது. இது நெட்வொர்க் தாமதமே இல்லை. உபுண்டு 24.04இல் வரும் டிமக்ஸ் 3.4இல் எஸ்கேப்-டைம், அதாவது எஸ்கேப்புக்குப் பின் வேறு எழுத்து வருகிறதா என்று காத்திருக்கும் நேரம், இயல்பாக 500 மில்லிவிநாடி. அதை 10 ஆக்கியதும் போய்விட்டது.

கடைசியாகக் கண்டுபிடித்ததைத்தான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் சில நேரம் எழுத்துகள் விட்டுவிட்டு வந்தன. வர்ஜீனியாவை விட்டுவிட்டு வீட்டு ரௌட்டருக்கே பிங் போட்டேன். பக்கத்து அறையில் இருக்கும் ரௌட்டர், ஒரு முறை 3 மில்லிவிநாடி, அடுத்த முறை 110, அப்புறம் 60. லேப்டாப்பின் வைஃபை, மின்சாரம் மிச்சம் பிடிக்க இடையிடையே தூங்குகிறது, அந்த நேரத்தில் வரும் பாக்கெட்டை ரௌட்டர் அடுத்த பீக்கன் (ரௌட்டர் சீராக அனுப்பும் அறிவிப்புச் சிக்னல்) வரை வைத்திருந்து கொடுக்கிறது, பீக்கன் இடைவெளி வழக்கமாக 102.4 மில்லிவிநாடி. எஸ்எஸ்எச் மாதிரி விட்டுவிட்டுச் சின்னச் சின்ன பாக்கெட்டுகள் போகும் வேலையில்தான் இது நன்றாகத் தெரியும், வீடியோ பார்க்கும்போது தெரியவே தெரியாது. நெட்வொர்க்மேனேஜர் கான்ஃபிக்கில் வைஃபை பவர்சேவ் என்பதற்கு 2 என்று போட்டால் நிறுத்திவிடலாம். ரௌட்டர் பிங் 2 முதல் 4க்குள் அடங்கியது. மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நேரத்துக்கு 350 ரூபாய்க்கு 10 மீட்டர் கேட்-6 கேபிள் வாங்கி இழுத்துவிட்டேன், அதில் 1 மில்லிவிநாடிக்கும் கீழே.

ஓபன்எஸ்எஸ்எச் 9.5இலிருந்து தட்டச்சு இடைவெளியை மறைப்பதற்காக எழுத்துகளை 20 மில்லிவிநாடி ஒழுங்கில் அனுப்பும் வசதி இயல்பாக இயங்குகிறது. வேகத்துக்காக அதை நிறுத்தச் சொல்கிறவர்கள் உண்டு. நான் நிறுத்தவில்லை. தட்டும் தாளத்தை வைத்து என்ன தட்டுகிறோம் என்று ஊகிப்பதைத் தடுக்க வந்தது அது, 235 மில்லிவிநாடிப் பாதையில் ஒரு 20 கூடுவதற்காகப் பாதுகாப்பை விடுவது சரியில்லை.

இனி புதிய சர்வர் கைக்கு வந்தால் வரிசையை மாற்றுவேன். முதலில் ரௌட்டருக்கு பிங், அடுத்து ஐடென்டிட்டிஸ்ஒன்லி, அப்புறம் இணைப்புப் பகிர்வு, அதன் பிறகே மற்றவை. ஸ்கிரிப்டை முதல் நாளிலிருந்தே ஒரே செஷனுக்குள் ஓடும்படி எழுதுவேன், 34 அழைப்புகளைப் பிரித்து மறுபடி கோர்த்ததுதான் இந்த முழு வேலையிலும் அதிக நேரம் தின்றது. இன்னொரு வாடிக்கையாளரின் நெட்வொர்க்கில் யுடிபி முழுவதும் அடைத்திருக்கிறார்கள், அங்கே மோஷ் வேலை செய்யாது. அங்கே சர்வரில் எடிட்டர் திறப்பதையே நிறுத்திவிட்டேன். ஃபைலை லேப்டாப்பில் திருத்துகிறேன், சேமித்ததும் ஐநோட்டிஃபைவெயிட் அதைக் கவனித்து, திறந்திருக்கும் இணைப்பு வழியாக ஆர்சிங்க் ஓட்டுகிறது, ஏறக்குறைய ஒரு விநாடியில் சர்வரில் இருக்கிறது. அங்கே லாக் பார்ப்பதற்கும் ஃபைலை இறக்காமல் சர்வரிலேயே கிரெப் போட்டு, வேண்டிய வரிகளை மட்டும் வரவைக்கிறேன்.